நாலாவது டம்ளர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஜாராமின் பாட்டைச் சாவுப் பாட்டு ஆக்கியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தது நான்தான், அதில் சந்தேகமில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐசக் சவுண்ட் சர்வீஸ் என்று ஒரு போர்டு தொங்கும். அது என் கடை. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் மைக் செட் போடுவேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் வயர் இழுத்து இழுத்து, எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. ஹாரன் கரகரக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் என் கவலை.

ராஜாராம் பெருநகர்க்காரன். நெல் போடுகிற குடும்பம். இன்ஜினியரிங் படிக்கச் சென்னைக்குப் போனவன் அங்கே மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ராக் பேண்ட் ஆரம்பித்தான். பேர் 'தண்ணி லாரி'. எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் இவன். பதினோரு வருஷம் ஓடியது. காலேஜ் விழாக்களில் பிள்ளைகள் பேர் சொல்லிக் கத்துவார்களாம். பெங்களூரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்களாம். பெருநகரில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டால் அவன் அம்மா கோவிந்தம்மாள், "மெட்ராஸ்ல தண்ணி லாரில கீறான்" என்பார். கேட்டவர்களும் வெயில் காலத்தில் நல்ல வருமானம்தான் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பிறகு கிட்டார்காரன் கனடா போனான். ஆறு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்றான், வரவில்லை. போனும் குறைந்து நின்றது. மீதி மூன்று பேர் இரண்டு மூன்று இடங்களில் வாசித்துப் பார்த்துவிட்டு, சண்டை போடாமலேயே பிரிந்துபோனார்கள். "சண்டை போட்டிருந்தா தேவலைண்ணே, எவன் மேலயாவது கோபமாச்சும் மிஞ்சியிருக்கும்" என்று ராஜாராம் ஒரு தடவை என்னிடம் சொன்னான். முப்பத்தாறு வயதில் ஊருக்கு வந்தான். வந்த ஒரு மாசத்தில் என் கடைக்கு வந்து, மிக்சிங் போர்டு முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத நாலு பட்டனைத் திருப்பினான். சத்தம் தேன் மாதிரி வந்தது. இருந்துகொள் என்றேன்.

கடைக்குப் பின்னால் ஷெட். அங்கே ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு கிட்டாரும் தன் குரலுமாக ஒரு பாட்டைப் பதிவு செய்தான். இப்படித் தொடங்கும்:

நாலு டம்ளர் டீ ஊத்தினேன்
மூணு காலி, ஒண்ணு ஆறிப்போச்சு

கனடா போனவனைப் பற்றித்தான். பேண்டில் நாலு பேர், ஒத்திகை முடிந்தால் நாலு டீ. அவ்வளவுதான் விஷயம். ராஜாராமுக்கு அப்போது வேண்டியிருந்ததும் ஒன்றே ஒன்றுதான். பேண்ட் இல்லாமல், தன் பேரில், இந்தப் பாட்டை ஜனங்கள் முன்னால் நின்று கடைசி வரி வரை பாட வேண்டும். இது நான் கட்டினது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மற்றதைப் பற்றி அவன் பேசுவதே இல்லை.

சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு அனுப்ப பென்டிரைவ் கேட்டான். என்னிடம் மூன்று உண்டு. சிவப்பு கல்யாணத்துக்கு, பச்சை கோயிலுக்கு, கறுப்பு சாவுக்கு. கைக்கு வந்ததைக் கொடுத்தேன். கறுப்பு வந்தது. அவன் வேலை முடித்துத் திருப்பிக் கொடுத்தான், பாட்டு அதிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் திருப்புலிவனத்தில் ஒரு பெரிய வீட்டுச் சாவு. காலையில் செட் போட்டு, கறுப்பைச் சொருகிவிட்டு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வருகிறேன், ஒப்பாரிக்குப் பதில் கிட்டார் சத்தம் ஹாரனில் ஊரைத் தூக்குகிறது. அடி விழப்போகிறது என்றுதான் ஓடினேன். ஆம்ப்ளிஃபையரில் கை வைக்கும்போது செத்தவரின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதண்ணா. எங்கப்பாக்கு தெனம் ஆறுன டீதான்ணா குடுத்தேன்" என்று சொல்லி அழுதாள். அன்றைக்கு அந்தப் பாட்டை எட்டு தடவை போட்டேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா. வந்திருந்த ஒருத்தர் போனில் பிடித்துக்கொண்டு போனார். ஆடியில் தொடங்கியது, தைக்குள் திருமுக்கூடல் வரை எந்தச் சாவு வீட்டில் செட் கட்டினாலும் டம்ளர் பாட்டு. பாடுவது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யாராவது அதைக் கேட்பார்களா?

ராஜாராம் முதலில் சிரித்தான். "ஹிட் ஆயிடுச்சுண்ணே" என்றான். எங்கள் பக்கத்து வழக்கம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. சாவுக்குப் போட்ட பாட்டை இங்கே வீட்டுக்குள் பாட மாட்டார்கள். விசேஷத்தில் பாட மாட்டார்கள். முணுமுணுத்தாலே வாயில் அடி விழும். ஒருநாள் குளித்துக்கொண்டே அவன் பாட, கோவிந்தம்மாள் கதவைத் தட்டினார்.

"இன்னா நைனா வூட்ல சாவு பாட்டு பாடிக்கினு? நான் இன்னும் உசுரோடதான கீறேன்?"

"அது நான் எழுதினதும்மா."

"நீ எழுதுனா இன்னா? போட்டது சாவு வூட்ல."

அந்த நேரம் பார்த்துச் சென்னைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நிஷா என்று ஒரு பெண், பாட்டு பிடித்திருக்கிறது, உங்கள் ஊர் ஜனங்கள் முன்னால் நீங்கள் பாடுவதை வீடியோ எடுத்து வெளியிடுவோம் என்றாள். ராஜாராம் அன்றைக்கு இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான். வந்தவாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பேசினோம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மேடையில் வெளிச்சமும் டிரம்ஸும் இருந்தால் யாருக்கும் சாவு ஞாபகம் வராது என்று நினைத்துவிட்டேன். எனக்கும் அவன் பாடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை.

கூட்டம் வந்தது. பழைய பாட்டு நாலு பாடினான், குழந்தைகள் ஆடின. ஐந்தாவதாக நாலு டம்ளர் என்று வாயைத் திறந்தான். முன் வரிசையில் கர்ப்பிணி மகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அவளைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே போனார். அப்புறம் நாற்காலிகள் இழுபடும் சத்தம்தான். மண்டப மேனேஜர் வெங்கடேசன் என்னிடம் ஓடி வந்தார்.

"யோவ் ஐசக், நாளைக்குக் காலையில முகூர்த்தம் கீது. பொண்ணு வூட்டுக்காரன் வந்து நிக்கிறான். நிறுத்துய்யா."

இரண்டாவது தப்பும் என்னுடையதுதான். மைக்கை அணைத்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மைக் இல்லாமல் ஒரு வரி பாடினான், பிறகு கிட்டாரைக் கழற்றி உறைக்குள் வைத்தான். எந்த மேடையிலும் கடைசியில் 'நான் ராஜாராம், நன்றி' என்று சொல்லித்தான் இறங்குவானாம். அதைச் சொன்னால் கேட்கக்கூட ஆள் இல்லை. நாங்கள் வயர் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே மண்டபத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். வீடியோ எடுக்க வந்திருந்த நிஷா, போன் பண்றோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். பண்ணவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தான். கோபம் இல்லை. "கறுப்புலேந்து அதை அழிச்சிடுண்ணே" என்று மட்டும் சொன்னான். மற்ற செட்டுக்காரர்களிடம் இருக்கிறதே என்றேன். "உங்கிட்ட இருக்கிறதை அழிச்சா போதும்" என்றான். அழித்தேன். அதற்கப்புறம் அவன் பாடி நான் கேட்கவில்லை. கிட்டார் ஷெட்டில் ஆம்ப்ளிஃபையர்களுக்குப் பின்னால் கிடந்தது. எனக்கு அந்தப் பக்கம் போகவே சங்கடமாக இருந்தது.

பங்குனியில் ஒரு காலை சின்னபொண்ணு வந்தாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் இருக்கிறவள். புருஷன் சுப்ரமணி கூலிக்கு மண் வெட்டுகிறவர், சுற்றுப்பட்டு ஊர்களில் குழி வெட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனையோ சாவில் பார்த்திருக்கிறேன், வேலையை முடித்துவிட்டு என் பாக்ஸ் பக்கத்தில் நின்று பீடி பிடிப்பார். விடிகாலையில் அவர் போய்விட்டார் என்றாள்.

"செட் கொண்டாரேம்மா, ஒண்ணும் தர வேணாம்" என்றேன்.

"செட்டு வேணாண்ணா. அந்த டம்ளர் பாட்டு மட்டும் போன்ல போட்டுக் குடு, போதும். அவுரு தெனம் அத்த பாடிக்கினேதான் வூட்டுக்கு வருவாரு. வூட்ல பாடாதய்யான்னா, நம்ம வூட்ல சாவு புதுசா இன்னான்னு சிரிப்பாரு. மொத ரெண்டு வரிதான் அவுருக்குத் தெரியும். குழி தோண்டிக்கினே எம்மாந்தூரம் கேக்கறது? மீதி இன்னான்னு தெரியாமலே போய்ட்டாரு."

என்னிடம் அந்தப் பாட்டு இல்லை. பின்னால் வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்த ராஜாராம் எழுந்து ஷெட்டுக்குள் போனான். கிட்டாரோடு வந்து என் வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டு முன்னால் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். மைக் இல்லை, நாற்காலி இல்லை. ராஜாராம் சுப்ரமணியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தான். நாலு டம்ளர் என்றதும் அந்தத் தெருவே கூடச் சேர்ந்து பாடியது. மாசக்கணக்காகச் சுப்ரமணியிடம் கேட்ட வரி அல்லவா. இரண்டு வரி முடிந்ததும் எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள், அதற்கு மேல் தெரியாது. அவன் தனியாக மேலே போனான்.

ஆறின டீய நானே குடிச்சிட்டேன்
டம்ளர கழுவி வச்சிட்டேன்
நீ வந்தா வேற டீ போடுறேன்

முடிந்தது. கடைசி வரி வரை அவன் ஜனங்கள் முன்னால் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்தச் சாவிலும் நான் அழுததில்லை.

சின்னபொண்ணு மூக்கைச் சிந்திவிட்டு அவனைப் பார்த்தாள். "செட்ல பாடறதும் நீதானா?"

"ஆமாம்மா. நான்தான் எழுதினேன்."

"உனுக்கு யாரு தம்பி செத்தாங்கோ?"

"யாரும் சாவல. கூட இருந்தவன் ஒருத்தன் வெளிநாடு போய்ட்டான்."

"திரும்பி வர்லயா?"

"வர்ல."

"அப்ப சரி" என்றாள். "உன் பேரு இன்னா?"

"ராஜாராம். பெருநகர்."

அவள் குனிந்து புருஷன் காது பக்கம் வாயை வைத்தாள். "இந்தாய்யா, கேட்டியா? பாட்டு கட்னவரு இவுருதான். ராஜாராமாம், பெருநகராம். மீதியும் பாடிட்டாரு."

ராஜாராம் எழுந்து நின்றான். பழக்கத்தில் வாய் திறந்தது. சாவு வீட்டில் நன்றி சொல்வதில்லை, போய்ட்டு வரேன் என்றும் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு கிட்டாரை எடுத்தான். நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வண்டி நிறுத்தின இடத்துக்கு ஏரிக்கரை மேல் நடந்து வந்தோம்.