கறுப்புக் கொக்ரெயில்

ஹலோவீன் விருந்துக்குக் கொக்ரெயில் மதுக்கலவை எல்லாம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அழகுக்காக அல்ல. என் கணவர் பிருந்தன் குடியை விட்டுப் பத்து மாதம். அது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவு நாளும் மொன்ட்ரியாலில் ஒரு விருந்துக்கும் போகாமல் சாட்டுச் சொல்லித் தப்பினோம். இந்த முறை டோர்வலில் எங்கள் வீட்டிலேயே விருந்து. ஏன் விட்டவர் என்று யாராவது நோண்டத் தொடங்கினால் என் மானம் கப்பலேறிவிடும்.

ஆகவே மற்றவர்களுக்குக் கறுப்புத் திராட்சைச் சாறும் ரம்மும். இவருக்கு அதே சாறும் இஞ்சிச் சோடாவும். கிளாஸ் விளிம்புகளில் சிவப்புச் சீனிப்பாகு, இரத்தம் வடிவதுபோல. மேசை நடுவில் ஒரு சட்டிக்குள் உலர்பனிக்கட்டி போட்டு வெந்நீர் ஊற்றியதும் புகை படர்ந்தது. எது எவருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

"இவ்வளவு மறைக்க வேணுமே?" என்று பிருந்தன் கேட்டார்.

"பேசாமல் பிடியுங்கோ," என்றேன்.

பக்கத்து வீட்டு மதுஷன், "சியர்ஸ் அண்ணை," என்று இவருடைய கிளாஸில் முட்டினான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாசலில் பேய்வேடம் போட்டு வந்த பிள்ளைகளுக்குச் சொக்லேட் கொடுத்துக்கொண்டிருந்த மகள் வித்தியா உள்ளே வந்தாள். பதினைந்து வயது. தகப்பனின் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். நேரே போய், சுவரில் தொங்கிய கார்த் திறப்பை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். தகப்பன் குடித்துவிட்டுக் கார் ஓட்டாமலிருக்க முன்பு சனிக்கிழமைகளில் அவள் செய்கிற வேலை. பத்து மாதமாகச் செய்யவில்லை.

அந்தக் கிளாஸில் ரம் இல்லை என்று அவளுக்கு முதலே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "அது வெறும் ஜூஸ், பிள்ளை," என்றேன்.

"முந்தியும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அவள் அழவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

பின்னால் வந்த பிருந்தன் அதைக் கேட்டுவிட்டார். கிளாஸைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு விருந்தினர் இருந்த ஹோலுக்குப் போனார்.

"மதுஷன், நான் குடியை விட்டுப் பத்து மாசம். ஆரும் எனக்கு ஊத்தாதேங்கோ."

எல்லாரும் குசினி வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வித்தியாவும் தகப்பனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவர் சொன்னதை நம்பலாமா என்று என் முகத்தில் தேடினாள்.

"ஓம், உண்மைதான்," என்றேன், எல்லாருக்கும் கேட்க. "அதுக்கு முந்தி இந்த வீட்டில நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான்தான் பொய் சொல்லி மறைச்சுக்கொண்டு திரிஞ்சனான். இவளிட்டையும்."