ஆறு கேஜ்

லயனல் ஃபான்ஷா எங்கள் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு மேலாளராக வந்ததற்கு அறிவு காரணமில்லை. முதலாளியின் மனைவிக்கு அவன் ஒன்றுவிட்ட தம்பி. டெர்பிஷயர் மழையில் வெளிர்நிறக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்தபோதே ஆளை எடைபோட்டுவிட்டேன்.

முதல் வாரமே என் சாமான் அறைக்குள் நுழைந்தான். ஆறு தட்டுகளில் 'கேஜ்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"என்ன ஹில்டா, ஒரே சாமானை ஆறு எடத்துல பதுக்கி வெச்சிருக்கே?"

"பேருதான் ஒண்ணு, சார். இந்த முள்ளு வெச்சது எஞ்சின்ல ஆவி அழுத்தம் பாக்க. காடி வெட்டின தகடு கம்பி கனம் பாக்க. இது தச்சன் கோடு போட. மெல்லிசுத் தகடுங்க இடுக்கு அளக்க. அந்தப் பானை மழைக்கு. இந்த நீள இரும்பு, ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல எவ்வளவு எடம் விடணும்னு பாக்க."

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தரியா? கேஜ்னா கேஜ்தான். ஒண்ணு போதும்."

பளபளவென்று இருந்த முள் வைத்ததை மட்டும் நிறுத்திக்கொண்டான். மற்றதையெல்லாம் நானே பழைய இரும்பு லாரியில் ஏற்றிக் கொடுத்தேன். தண்டவாளத்துக்கான நீள இரும்பும் அதோடு போயிற்று.

திங்கட்கிழமை, கல் வண்டிப் பாதையின் வளைவில் தண்டவாளம் மாற்றவேண்டும். கங்காணி சேத் பாக்‌ஷா அந்த நீள இரும்பைக் கேட்டு வந்தான். ஃபான்ஷா அவன் கையில் முள் வைத்த கேஜைத் திணித்தான்.

"இதை எங்க சார் வைக்கறது?"

"வேலை தெரிஞ்சவன் கேக்கமாட்டான்."

சேத் பழைய தண்டவாளத்தைக் கழற்றிப் போட்டதோடு ஆட்களை உட்காரவைத்துவிட்டான். இரண்டு நாள் ஒரு வண்டியும் நகரவில்லை. முதலாளியே வந்தார்.

"கேஜ் கொடுத்தாச்சு. இவனுங்களுக்குச் சோம்பேறித்தனம்" என்றான் ஃபான்ஷா.

"அப்போ நீங்களே வெச்சுக் காட்டுங்க, சார்" என்றான் சேத்.

பன்னிரண்டு பேர் பார்க்க, மேலாளர் ஈரச் சல்லியில் முட்டி போட்டான். கேஜை இப்படி வைத்தான், அப்படித் திருப்பினான். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

"ஊதிப் பாருங்க, சார். ஆவி பத்தலையோ என்னவோ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முதலாளி சிரிக்கவில்லை. வண்டியேறிப் போய்விட்டார். புது இரும்பு ஷெஃபீல்டிலிருந்து வர எட்டு நாளாயிற்று. ஃபான்ஷாவை வேலையைவிட்டு நீக்குவார்கள் என்று நினைத்தோம். தலைமை அலுவலகத்தில் கொள்முதல் அதிகாரியாக்கினார்கள்! அந்த இடத்துக்கு அந்த மூளை போதும் போலிருக்கிறது.

புது இரும்பை வாங்கிக்கொள்ள சேத் வந்தபோது நான் ஃபான்ஷாவை இளக்காரமாகப் பேசிச் சிரித்தேன். சேத் சிரிக்கவில்லை.

"அந்த மடையனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் லாரியில ஏத்தினியே. உன்னை என்னன்னு சொல்றது?"

காலடியில் துப்பிவிட்டு இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அதன்பிறகு எதற்கும் அவன் நேரில் வரவில்லை. வேறு ஆளைத்தான் அனுப்பினான்.