ஒரு டப்பா கண்டென்சர்

மனித நாகரிகம் ஒரு தீப்பொறியில் தொடங்கியது. பழைய கார் பாதுகாப்புச் சங்கத்தின் ஆண்டுவிழாவில், தலைவர் என்ற முறையில் எங்கள் அத்தான் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார். அந்த வருடமும் அதைப் பேசுவதற்காகத் தன் காரில் கிளம்பினார். பாதி வழியில் நாகரிகம் நின்றுபோனது.

வேறு நாளாயிருந்தால் பரவாயில்லை. அன்று அக்காவின் நிபந்தனை ஒன்றும் காரில் ஏறியிருந்தது. அக்கா வீட்டில் தையல் வகுப்பு நடத்திவந்தாள். அவள் மெஷின்கள் வராந்தாவில் சாரலில் நனைய, அத்தான் ராஜா என்று கொஞ்சும் கார் மட்டும் ஷெட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். விழாவில் ஒவ்வொரு காரும் நடுவர் மேடைக்கு முன்னால் ஓடிக் காட்ட வேண்டும். கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு உங்க ராஜா நடுவர் மேடையத் தாண்டிட்டா ஷெட் அவருக்கு. இல்லேன்னா என் மெஷினுக்கு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"தாண்டுறதா? பறக்கும் பாரு!" என்றார் அத்தான்.

பறந்த கார் ஒரு மரக்கடை வாசலில் இறங்கியது. அத்தான் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். ஒரு பிளக் வயரை உருவி எஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, செல்ஃப் அடி" என்றார். அக்கா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முனகியது. பொறி வரவில்லை.

"தம்பி, ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்ல அத்தான்."

"உனக்குத் தெரியாது. அதுக்குப் பழகின கண்ணு வேணும்." குனிந்து பார்த்தார். பழகின கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கண்டென்சர் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். அது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத தகர உருளை. அது செத்தால் பொறி செத்தது. "கவலையே வேணாம். ஸ்பேர் இல்லாம நான் தெருமுனைகூடத் தாண்டினதில்ல."

அது உண்மை. மற்றவர்கள் டிக்கியில் பெட்டி படுக்கை இருக்கும். அத்தான் டிக்கியில் இன்னொரு கார் இருக்கும், பாகம் பாகமாக. அதிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். துணியில் சுற்றிய கண்டென்சர்கள், தொட்டிலில் படுத்த பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. ஒன்றை மாட்டினார். பொறி இல்லை. அடுத்ததை மாட்டினார். அதுவும் இல்லை. மூன்றாவதை எடுக்கும்போது அக்கா இறங்கி வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தப் பூப்போட்ட துணி என்னோட பழைய ரவிக்கைத் துணிதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"கல்யாணமான புதுசுல மழையில நடுரோட்டுல நின்னோமே, அன்னிக்குக் கிழிச்சீங்க. அன்னிக்குச் செத்தது இது."

அத்தான் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கணக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு தடவையும் நல்லதை எடுத்து மாட்டிவிட்டு, செத்ததைத் தூக்கியெறிய மனசு வராமல், துடைத்து, துணி சுற்றி, டப்பாவிலேயே படுக்க வைத்திருக்கிறார். டப்பா எப்போதும் நிறைந்தே இருந்ததால் புதிது வாங்கத் தோன்றவில்லை.

அக்கா சிரித்துத் தீர்ப்பாள் என்று நினைத்தேன். அவளோ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மரக்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த நீலத் துணி பாப்பாவோட கவுன். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே நின்னுச்சே! லாரிக்காரர் குடை புடிச்சாரு, நீங்க திட்டிக்கிட்டே மாட்டினீங்க."

"நான் எங்க திட்டினேன்? பாப்பாதான் கத்திச்சு."

"ரெண்டு பேரும்தான். எது யார் குரல்னே தெரியல."

"இது அவள ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தப்ப" என்றார் அத்தான், கட்டம்போட்ட துணியைத் தொட்டு. அன்று கார் நின்றதற்கு இருவருமே கோபப்படவில்லையாம். வீட்டுக்குப் போக இருவருக்கும் அவசரம் இல்லை.

அந்த வழியாக வந்த சங்கச் செயலாளரான பல் டாக்டர் தன் காரை நிறுத்தினார். "என்ன தலைவரே, ராஜாவுக்குப் பல்வலியா?" என்று கேட்டுக்கொண்டே தன் டப்பாவைத் திறந்தார். அதிலிருந்ததும் பொறி தரவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவர் மனைவியும் பழந்துணி கொடுக்கிறவர் என்று புரிந்தது.

கயிறு கட்டி எங்களை விழா மைதானம்வரை இழுத்துவந்தார். அங்கே உறுப்பினர்கள் சகோதர பாசத்தோடு சூழ்ந்துகொண்டு டப்பா டப்பாவாக நீட்டினார்கள். அத்தனையும் நினைவுச் சின்னங்கள். உயிருள்ள கண்டென்சர் அவரவர் காருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் தரும் அளவுக்குச் சகோதர பாசம் முற்றவில்லை.

ஒலிபெருக்கியில் எங்கள் எண்ணை அழைத்தார்கள். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஷெட்ட நாளைக்கே காலி பண்ணித் தரேம்மா" என்றார்.

அக்கா கோட்டைப் பிடுங்கி அவர் தோளில் மாட்டினாள். முன்சீட்டில் ஏறி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தம்பி, டாக்டர் சார், ரெண்டு பேரும் டிக்கிக்குப் பின்னால போங்க. தலை வெளிய தெரியக் கூடாது."

"அக்கா, ஷெட் உனக்கு வேணாமா?"

"வாய மூடிட்டுத் தள்ளுடா."

தள்ளினோம். குனிந்தபடி எனக்குத் தெரிந்தது பல் டாக்டரின் பாலிஷ் போட்ட ஷூவும் புல்லும்தான். மேடைப் பக்கம் கைதட்டல் கேட்டது. அக்கா மகாராணி மாதிரி கையசைத்தாளாம். அத்தான் கியர்கூட மாற்றிக் காட்டினாராம். டாக்டருக்கு மூச்சு வாங்கியது. கார் மேடையைத் தாண்டி, கூடாரத்துக்குப் பின்னால் போய்த்தான் நின்றது.

சத்தமே இல்லாமல் ஓடும் எஞ்சினுக்கான கோப்பை அந்த வருடம் அத்தானுக்குக் கிடைத்தது.