ஒரே பை, இரண்டு உயரம்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. பிட்கெர்ரி என்கிற எங்கள் கடலோர ஊரின் மருந்துக்கடையில், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடி திருடினேன். நான் ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. ஆனாலும் சனிக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றுவிடுவேன். வீட்டில் உட்கார்ந்தால் ஊர் விஷயம் எப்படித் தெரியும்? ஒருவர் ஒரு பொருள் வாங்க வந்தார், யாரிடமும் சொல்லாதே என்றார். உங்களிடம் சொல்கிறேன். அவர் வாங்கிய பொருள் என்ன என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். என்மேல் சந்தேகம் வருகிறதா? வரட்டும். இந்தக் கதையில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படப் போகிறார்கள். நீங்கள் மட்டும் சும்மா இருப்பானேன்?

தொடக்கம் ஒன்று: "வடகடல் காற்று அன்று பாதிரியாரின் தொப்பியை" (பாதிரியாருக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை. விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "டூகல் லம்ஸ்டன் ஏழடி உயரம்" (விளக்குக் கம்பம் என்று நினைத்துவிடுவீர்கள். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: டூகல் லம்ஸ்டன் ஆறடி நான்கு அங்குலம். அவர் மனைவி நெட்டா நாலடி பதினொன்று. இருவரும் முப்பத்தொரு வருடமாக ஒரே கோல்ஃப் பையில் ஒரே செட் மட்டைகளை வைத்து விளையாடுகிறார்கள்.

இது நிற்கும். மேலே போகலாம்.

2.

எங்கள் ஊரில் ஜோடி ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர், ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். நீங்கள் புதருக்குள் அடித்தால் அதை வெளியே எடுப்பது உங்கள் ஜோடியின் தலையெழுத்து. அதனாலேயே ஒரு வழக்கம்: மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்க ஆரம்பித்தால் விளையாட நேரம் இருக்காது. புருஷன் பெண்டாட்டி என்றால் இந்த விதி இரட்டிப்பு இறுக்கம்.*

(* ஒரு தம்பதி ஒன்பதாம் குழியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பதினொன்றாம் குழிக்குள் விவாகரத்துப் பேசியதை நானே பார்த்திருக்கிறேன். சரி, பார்க்கவில்லை. கேள்விப்பட்டேன். சரி, கேள்விப்படவும் இல்லை.)

இந்த வருட அரையிறுதியில் ஏழாம் குழியில் டூகல் பந்தை முட்புதருக்குள் அனுப்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிச்சுக்க நெட்டா" என்றார்.

நெட்டா அப்படியே நின்றுவிட்டாள்.

"யோவ், இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. காத்து."

அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். மூன்று வாரம் கழித்து இறுதி ஆட்டம். லம்ஸ்டன் தம்பதிக்கு இது ஒன்பதாவது இறுதி ஆட்டம், எட்டில் தோற்றிருந்தார்கள். கிளப் சுவரில் தங்க எழுத்தில் பேர் ஏறுவதற்கு ஒரே ஒரு படிதான் பாக்கி. நெட்டாவுக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் தங்கை செங்காவுக்குப் போன் போட்டாள்.

"செங்கா, உங்க அத்தான் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாருடி."

"எதுக்கு?"

"பந்த முள்ளுக்குள்ள அடிச்சதுக்கு."

"போ அக்கா. பந்துக்கு எவனாச்சும் மன்னிப்புக் கேப்பானா? பெருசா ஒண்ணு பண்ணிட்டு, அதுக்குக் கேட்டுப் பழகுறாரு."

இந்தச் செங்காவை நான் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஆனால் சந்தேகம் என்பது அடுப்பு மாதிரி. ஊத ஒரு ஆள் வேண்டும்.

3.

சாட்சியங்கள் வந்த வரிசை இது.

டூகல் செவ்வாய்க்கிழமைதோறும் காதுக் கருவியைச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார். இரண்டாவது செவ்வாய், அவர் திரும்பி வந்ததும் நெட்டா முதுகுக்குப் பின்னால் நின்று, "சூப்பு கீழ கொட்டிருச்சு, பூனை செத்துருச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருந்தார். காதுக் கருவியில் யாரும் கை வைக்கவில்லை என்பது உறுதியாயிற்று.

பிறகு, அவர் ஷூவின் அடியில் விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்த நீல டேப்.

பிறகு, கோட்டுப் பையில் ஒரு காகிதம். "மணிக்கட்டிலிருந்து தரை வரை" என்று எழுதி ஒரு எண். அதன் கீழே இன்னும் நாலைந்து எண்கள்.

"அக்கா, சவப்பெட்டிக்கு அளவு குடுத்துட்டாரோ?" என்றாள் செங்கா.

"சவப்பெட்டிக்கு மணிக்கட்டு எதுக்குடி, கூறுகெட்டவளே!"

காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு முகவரி இருந்தது. துறைமுகத்தில் முன்பு மீனுக்கு உப்புப் போட்ட கொட்டகை. இப்போது அங்கே கிர்ஸ்டி என்பவள் ஆளுக்கு ஆள் அளவெடுத்து கோல்ஃப் மட்டை செய்து தருகிறாள். நெட்டாவுக்குப் புரிந்துவிட்டது. சவப்பெட்டியாகவே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

4.

(இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேச வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஐந்துக்குப் போகலாம். ஆனால் போனால் நெட்டா ஏன் அழுதாள் என்று தெரியாது. அழுதாள் என்று நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா? அவசரப்பட்டுவிட்டேன்.)

ரெடிமேட் மட்டை யாருக்காகச் செய்யப்படுகிறது? தொழிற்சாலைக்காரர்களின் மனத்தில் ஒரு ஆள் இருக்கிறார். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. கை நீளமும் இல்லை, குறைவும் இல்லை. அந்த ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. லம்ஸ்டன் தம்பதி முப்பத்தொரு வருடமாக அந்த ஆளின் மட்டைகளை இரவல் வாங்கியவர்கள் போல ஆடினார்கள். டூகல் முழங்காலை மடக்கிக் குனிவார். நெட்டா பிடியிலிருந்து நான்கு விரல் கீழே பிடிப்பாள். ஆரம்பத்தில் சிக்கனம், பிறகு பழக்கம், பிறகு கேட்பவர்களிடம் பீற்றிக்கொள்ள ஒரு விஷயம்.

ஆனால் அதனால் நடந்த வேறொன்று உண்டு. ஜோடி ஆட்டத்தில் ஒருவர் அடிக்கும்போது மற்றவர் முன்னாலேயே போய்ப் பந்து விழும் இடத்தில் நிற்பார், நேரம் மிச்சம். எல்லா ஜோடியும் அப்படித்தான். அதனால் ஆட்டம் முழுக்க ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். லம்ஸ்டன்களால் முடியாது. ஒரே பை. பை இருக்கும் இடத்தில்தான் இரண்டு பேரும் இருந்தாக வேண்டும். பதினெட்டுக் குழியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பின்னால் வருகிறவர்கள் "நத்தைங்க" என்று திட்டுவார்கள். மகளுக்குப் பேர் வைத்தது ஐந்தாம் குழிக்கும் ஆறாம் குழிக்கும் நடுவே. வீட்டை விற்க வேண்டாம் என்று முடிவெடுத்தது பதினான்கில், அடைமழையில்.

வீட்டில் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர் பேப்பர், அவள் வானொலி.

ஆக, டூகலுக்கென்று தனி மட்டைகள் என்றால் தனிப் பை. தனிப் பை என்றால் அவர் முன்னால் போய்விடுவார். நெட்டா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். ஒரு கால் மணி நேரம். (என் முதல் பிரதியில் மூன்று நாள்.)

5.

கிர்ஸ்டியை முதலில் இருபத்தாறு வயது அழகியாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது என் யோக்கியதைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது, ஜலதோஷம்.

நெட்டா கொட்டகைக்குள் நுழைந்தது சண்டை போடத்தான்.

"எம் புருஷன் இங்க என்ன செய்யச் சொன்னாரு?"

"ஒருத்தரு அளவ இன்னொருத்தருகிட்டச் சொல்றதில்லம்மா," என்று கிர்ஸ்டி மூக்கைச் சிந்தினாள். "கைய நேராத் தொங்க விடுங்க."

"நான் அளவெடுக்க வரல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வராங்க. கைய விடுங்க."

நெட்டா கையைத் தொங்கவிட்டாள். ஏன் விட்டாள் என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறவன் சொன்ன பேச்சை அவள் கேட்கவில்லை. கிர்ஸ்டி மட்டையின் அடியில் நீல டேப் ஒட்டி, தரையில் பலகை போட்டு, அடிக்கச் சொன்னாள். (மட்டை எந்தச் சாய்வில் பலகையில் உரசுகிறது என்று டேப்பில் தடம் விழும்; கழற்றிய டேப் துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன.) அளவெடுக்க வருகிற எல்லாரும் செய்கிற தப்பை நெட்டாவும் செய்தாள்: வாழ்நாளில் வீசாத வேகத்தில் வீசிக் காட்டினாள்.

"எம்மா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வீசாதீங்க. தினம் வீசுற மாதிரி வீசுங்க. இல்லன்னா வேற யாருக்கோ மட்டை செஞ்சுருவேன்."

பன்னிரண்டாவது அடியில், குட்டையாக வெட்டிய ஒரு மட்டையில், பந்து நேராகப் போய் வலையின் நடுவில் விழுந்தது. கையில் அதிர்வே இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இருந்தது, அவ்வளவுதான். நெட்டா இன்னொன்று அடித்தாள். இன்னொன்று. அப்புறம் எதற்காக வந்தோம் என்பதை

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் ஆர்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை தயாராகிவிடும்.)

6.

இப்போது நான் மறைத்து வைத்ததைச் சொல்கிறேன். மருந்துக்கடைக்கு வந்தவர் டூகல். வாங்கியது இடுப்பு வலிக்கு ஒட்டுகிற பட்டை. ஒன்றில்லை, ஆறு பெட்டி. அரையிறுதிக்கு முந்தைய சனிக்கிழமை. "நெட்டாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். அன்றே அவளிடம் சொல்லியிருந்தால் கதை இரண்டாம் பிரிவில் முடிந்திருக்கும். நான் கதைக்காரன். சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் மதியம், தட்டில் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும். டூகல் கீழே விழுந்த முள்கரண்டியை எடுக்கக் குனிந்தார், பாதியில் மாட்டிக்கொண்டார். அங்கேயே, மேசைக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"நெட்டா. உன் ஷூவுல நீல டேப் இருக்கு."

வானொலியை அவள் அணைத்தாள்.

"உன் ஷூவுலயும் இருந்துச்சு. மொதல்ல நீ மேல வா."

"வர முடியல. இடுப்பு."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம். அன்னைக்குப் பந்து முள்ளுக்குள்ள போனதும் இதாலதான்."

"சொல்றதுக்கென்ன, மனுசா?"

"சொன்னா பைய விடச் சொல்லுவ."

"அதனால எங்கிட்டச் சொல்லாமலே பைய விட்டுட்டியாக்கும்!"

அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவர் மூச்சு வாங்கியபடி நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, எனக்கு இடுப்பு. உனக்கென்ன?"

நெட்டா சாக்குத் தேடினாள். செங்காவாக இருந்தால் பத்து சொல்லியிருப்பாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நேராப் போச்சுய்யா பந்து. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

இதைக் கேட்டு டூகல் கோபப்பட்டார் என்று எழுதினேன், அடித்தேன். சிரித்தார் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். அவர் உருளைக்கிழங்கைச் சாப்பிட்டார்.

7.

முடிவுகள்.

அ) ஆளுக்கொரு பை. புது மட்டைகள். ஜெயிக்கிறார்கள். சுவரில் தங்க எழுத்து. நெட்டா நாலு மணி நேரம் ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள்.

ஆ) பழைய பை. பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். ஒன்பதாவது முறை தோற்கிறார்கள். பதினாறாம் குழியில் டூகலைச் சுமந்து வர நாலு பேர் தேவைப்படுகிறது. (எட்டுப் பேர் என்று போட்டிருந்தேன்.)

இ) இது செங்காவின் யோசனை. ஒரு பையில் பதினான்கு மட்டை வரை வைத்து இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்பது விதி. அவருடைய அளவில் ஏழு, அவளுடைய அளவில் ஏழு, ஒரே பை! கேட்க எவ்வளவு அழகு. அதனாலேயே எனக்கு இதன்மேல்தான் சந்தேகம் அதிகம். எந்த ஏழு மட்டைகளை விட்டுக்கொடுப்பது என்று கார் ஷெட்டில் இரண்டு மணிக்கு ஆரம்பித்த வாக்குவாதம் தேநீர் வேளையைத் தாண்டியது, தெருவே கேட்டது. "அத நீ எடுத்துக்கிட்டா மணல்ல விழுந்த பந்த நான் எத வெச்சு அடிக்கிறது?" "நீ மணல்ல அடிக்காம இரு!" எப்படித் தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை நான் கொடிக்கம்பத்தடியில் நின்றேன். கார் டிக்கியிலிருந்து என்ன இறங்கியது என்று பார்த்தேன். சொல்ல மாட்டேன். முதல் அடி நெட்டாவுடையது. அவள் மட்டையைத் தூக்குவதற்கு முன்னால் டூகல் கேட்டார், முப்பத்தொரு வருடத்தில் கேட்கத் தேவைப்படாத ஒன்றை:

"நான் முன்னால போகட்டுமா?"

நெட்டா திரும்பிப் பார்க்கவில்லை. அடித்தாள். பந்து போன விதத்தை நான் இன்னும் ஐந்து வருடத்துக்குப் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு அவள் ஏதோ சொன்னாள். காற்று எதிர்ப்பக்கம், எனக்கு விழவில்லை. போ என்றாளா, நில் என்றாளா, அவள் இடத்தில் அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று கேட்டாளா?

அதை நீங்கள் எழுதுங்கள். டூகல் வலது காலைத் தூக்கிவிட்டார், இன்னும் வைக்கவில்லை. ரொம்ப யோசிக்காதீர்கள். இடுப்பு வலிக்காரர், ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்பார்?