அண்ணி வீசிய கால்

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் டாங்கோ என்ற ஜோடி நடனம் பழகத் துணையில்லாமல் திண்டாடியபோது கைகொடுத்தவள் அவனுடைய அண்ணி. அண்ணனோ ஆட்டம் என்றாலே காத தூரம் ஓடுகிறவன். அந்த ஞாயிறு மாலை என்ன தோன்றியதோ, அவனும் வந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

நடனக் கூடத்தில் எள் விழ இடமில்லை. ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாய் நகர்ந்துகொண்டிருந்தார்கள். துணையைப் பின்னோக்கி நடத்திச் செல்கிறவன்தான் அவளுக்கும் சேர்த்து வழி பார்க்க வேண்டும். கூட்டத்தில் காலைத் தரையைவிட்டு எடுக்கவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவனும் அடக்கமாகத்தான் ஆடினான், அண்ணன் கொட்டாவி விடுவதைப் பார்க்கும்வரை.

சட்டென்று அண்ணியை ஒரு சுழற்று சுழற்றி எதிர்ப்பக்கம் திருப்பினான். அவள் கால் பின்னால் சாட்டைபோல் வீசியது. ஹீல்ஸின் முனை, பக்கத்தில் ஆடிய பூக்கடைக்காரம்மாவின் கெண்டைக்காலைக் கிழித்தது. அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அண்ணி மண்டியிட்டுக் கைக்குட்டையால் ரத்தத்தை அழுத்தியபடி, தான் கவனிக்கவில்லை என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். எப்படிக் கவனிப்பாள்? முதுகிலா கண் இருக்கிறது? எல்லோரும் அவளை முறைத்தார்கள். முறைப்பு தன்மேல் விழவில்லையே என்று ஒரு நொடி தம்பிக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு கூனிக் குறுகினான்.

அண்ணன் எழுந்து வந்து, பூக்கடைக்காரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தான். பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

“காலை அடக்கி வெக்கத் தெரியல, உனக்கு ஆட்டம் ஒரு கேடா?”

அண்ணி கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பியை நிமிர்ந்து பார்க்கவுமில்லை. பார்த்து முறைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

“அண்ணா, அவங்க காலை வீச வெச்சது நான்தான். உன்கிட்ட பீத்திக்கணும்னு பண்ணேன்.”

அண்ணனின் சிரிப்பு அடங்கியது. தம்பி பூக்கடைக்காரம்மாவிடமும் போய் அதையே சொன்னான்.

“தெரியும். நீ எப்ப வாயைத் திறப்பேன்னுதான் பாத்துட்டிருந்தேன்,” என்றாள் அவள்.

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அடுத்த வாரமும் அண்ணி வந்தாள். அவனோடு ஆடும்போது கண்ணை மூடிக்கொள்வது அவள் வழக்கம். அன்று பாட்டு முடியும்வரை திறந்தே வைத்திருந்தாள், அடிக்கடி தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தபடி. அவன் சின்னச் சின்ன அடியாக அவளை நடத்திப் போனான்.