இடைவேளைக்கு முந்தைய பாதி

தங்கப்பாண்டி தன் அறுபத்தாறு வயதில் ஒரே ஒரு கதையைத்தான் உருப்படியாக எழுதினார். அந்த ஒரு கதை ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டது. அதற்கு முன்னால் எழுதிய நூற்றுப் பதினேழு கதைகளும் ஒரு கொசுவைக்கூடத் தொந்தரவு செய்ததில்லை.

எழுமலைக்காரர். முப்பத்து நாலு வருஷம் நில அளவையராக இருந்து, அங்குலம் கூட்டாமல் குறைக்காமல் ஊர் ஊராக அளந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே, அத்தனை வருஷமும் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த பொய்யெல்லாம் மடை திறந்துகொண்டது. கே.கே. நகர் வீட்டில் பல்லியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். தெருமுனையில் அது உடும்பாகிவிடும். டீக்கடை பெஞ்சில் உட்காரும்போது முதலை. "இந்த மனுசன் சொல்றத பத்தால வகுத்துக்கங்க" என்று அவர் மனைவி கனகலட்சுமி வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவருக்குக் கதை எழுதும் கலையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தபோது, கூட்டாளியாக வாய்த்தவர் அடுத்த தெரு ஜனகராஜ். சௌராஷ்டிரக்காரர். ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருந்தவர். ஒரு வார்த்தை போதுமான இடத்தில் இரண்டு வார்த்தை பேசினால் ஃப்யூஸ் போய்விடும் என்பது போல இருப்பார். எட்டு வருஷப் பழக்கம், ஒருவருக்கொருவர் மாப்ள.

புது நத்தம் ரோட்டு நூலகத்திலிருந்து நாவல்களை எடுத்து வந்து, கடைசி ஐம்பது பக்கத்தை மட்டும் படிப்பார்கள். முன்னால் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு நோட்டில் எழுதுவார்கள். பிறகுதான் முதல் பக்கத்தைத் திறப்பார்கள். சினிமாவுக்கும் இதே சட்டம். பரவைப் பக்கத்தில் ஒரு தியேட்டர். பகல் காட்சிக்கு, சரியாக இடைவேளை விடும்போது ஸ்கூட்டரில் போய் இறங்குவார்கள்.

"அண்ணே, பாதிப் படம் போயிருச்சு," என்பான் டிக்கெட் கிழிக்கும் சிவபாண்டி.

"அந்தப் பாதியத்தான்டா நாங்க எழுதப் போறோம்."

"எழுதுங்க, எழுதுங்க. எடுத்தவனுக்கே என்ன எடுத்தோம்னு தெரியல."

மறுநாள் அதே படத்துக்கு ஆரம்பத்திலேயே போய், இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார்கள். யாருடைய முன்பாதி அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு மற்றவர் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும். இரண்டு வருஷத்தில் தங்கப்பாண்டி வாங்கித் தந்த பருத்திப்பாலை வைகையில் திருப்பி விட்டிருந்தால் மானாமதுரை வரைக்கும் இரண்டு போகம் விளைந்திருக்கும். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கதாநாயகன் லேசாக நொண்டினால் போதும், நடுக்கடலில் கப்பல் கவிழ்ந்து பாய்மரம் காலில் விழுந்தது என்று எழுதிவிடுவார்.

"மாப்ள, இந்தப் படத்துல கடலே இல்ல," என்பார் ஜனகராஜ்.

"காட்டல. அதுக்காக இல்லைன்னு ஆயிருமா?"

"அந்தாளு மாடிக்குப் போகவே மாட்டேங்கிறான், பாத்தியா? கீழ நின்னே கூப்பிடுறான். படியிலதான் ஏதோ நடந்திருக்கு. ஒரு ஆளு எதத் தொடாம இருக்கான்னு பாரு மாப்ள. முன்பாதி அங்கனதான் கிடக்கும்."

மறுநாள் போய்ப் பார்த்தால், அச்சு அசலாக மாடிப்படி.

பத்திரிகையில் வரவேண்டும் என்கிற ஆசைகூடத் தங்கப்பாண்டிக்கு இரண்டாம் பட்சம்தான். ஒரே ஒரு தடவை ஜனகராஜ் வாயால் "நல்லா எழுதியிருக்க மாப்ள" என்று கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

ஜனகராஜுக்கு ஒரே மகள், இந்துப்ரியா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு சமூகத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனவள். அவர் மனைவி அலர்மேல்மங்கை, தங்கப்பாண்டி போகும்போதெல்லாம் காபியைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பேச்சை எடுப்பாள். "போனவ போனவதாண்ணே. ஒரு தடவ எட்டிப் பாத்தாளா? இவரு கோவப்பட்டாரு, சரி. பெத்தவ நான் என்ன செஞ்சேன்? கல்லுல செஞ்ச நெஞ்சு அவளுக்கு." ஜனகராஜ் அப்போது செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

தங்கப்பாண்டி ஒன்றைக் கவனித்திருந்தார். வெள்ளிக்கிழமை அலர்மேல்மங்கை கோவிலுக்குக் கிளம்பினால் ஜனகராஜும் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிடுவார். கொட்டுகிற மழையாக இருந்தாலும் சரி, காய்ச்சலாக இருந்தாலும் சரி, தங்கப்பாண்டி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த வீட்டில் அவர் தனியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கப்பாண்டி எழுத உட்கார்ந்தார். ஆளை மாற்றினார், தொழிலை மாற்றினார், எழுமலையில் பருத்தி போடுகிற ஒரு சம்சாரியாக்கினார். முதலில் முப்பது இடி, ஒரு வெள்ளம், ஒரு நல்லபாம்பு எல்லாம் இருந்தன. ஏனோ ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: மனைவி கோவிலுக்குப் போயிருக்கிறாள். ஓடிப்போன மகள் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்கிறாள். அப்பா கம்பிக்கதவைத் திறக்கவில்லை. குழந்தை தண்ணீருக்கு அழுகிறது. ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டுகிறார். குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அவள் திருப்பித் தருகிறாள். "அம்மாகிட்ட வந்தேன்னு சொல்லுங்க," என்கிறாள். அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். மனைவி குங்குமத்தோடு திரும்புகிறாள். யாரும் வரவில்லை என்கிறார்.

இவ்வளவு சின்னப் பொய்யைத் தங்கப்பாண்டி வாழ்நாளில் சொன்னதே இல்லை.

ஒரு மாத இதழில் அது அச்சாகி வந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர் மாதிரி இதழை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு ஜனகராஜ் வீட்டுக்குப் போனார். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கண்ணே, நான் படிக்கிறேன்," என்று அலர்மேல்மங்கை கண்ணாடியைத் தேடினாள். "எத்தனை யானை வருது?"

"ஒண்ணுகூட இல்ல தங்கச்சி! பத்தியமா எழுதியிருக்கேன்."

நின்றுகொண்டே ஆரம்பித்தவள், இரண்டாம் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடித்தாள். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். ஜனகராஜ் தலையில் துண்டோடு வந்தபோது, இதழை அவரிடம் நீட்டி அவர்கள் வீட்டு மொழியில் ஏதோ கேட்டாள். இந்து என்கிற பேரைத் தவிர தங்கப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஜனகராஜ் நின்றபடியே படித்தார். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டியது. தங்கப்பாண்டி, பரிசு வாங்க மேடை ஏறப்போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஜனகராஜ் இதழை மூடினார். நோட்டைத் திருத்துகிற அதே குரலில், தங்கப்பாண்டியைப் பார்த்துச் சொன்னார்:

"தம்ளர் இல்ல மாப்ள. சொம்பு."

தங்கப்பாண்டிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார்ந்திருந்த நாற்காலி கிணற்றுக்குள் இறங்கியது. இதில் மிகை ஒன்றும் இல்லை.

அலர்மேல்மங்கை அழவில்லை. "பையனா, பொண்ணா?" என்று கேட்டாள்.

"பொண்ணு."

"பேரு கேட்டீங்களா?"

ஜனகராஜ் கேட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். தங்கப்பாண்டி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் போட்டார்.

"தங்கச்சி, அது பூரா நான் அவுத்துவிட்டது. அவன் ஏதோ குழப்பத்துல தலையாட்டிட்டான். கிளம்பி வாங்க."

"எட்டு வருசமா நீங்க சொன்ன பொய் பூராத்தையும் ரசிச்சுக் கேட்டிருக்கேண்ணே. இது ஒண்ணுதான் உங்களுக்குச் சொல்ல வரல."

"நான் அத எழுதாமயே இருந்திருக்கலாம்."

"நீங்க என்னண்ணே செய்வீங்க. பன்னெண்டு வருசம் எம்புள்ளைய வாயில போட்டு மென்னுருக்கேன். எம்புட்டு சாபம் விட்டிருப்பேன்! அவ ஒரு வார்த்த கேக்கல. தட்டுல சோத்தப் போட்டு, சாப்பிடும்மாங்கிறா." குரல் உடைந்து, திரும்ப வந்தது. "பேத்தி ஆறாவது படிக்கிறா. என்னைய ஆன்ட்டிங்கிறாண்ணே."

தங்கப்பாண்டி போனைக் கீழே வைத்தார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஜனகராஜ் வந்தார். சட்டையைக் கசங்கலாகப் போட்டிருந்தார். தங்கப்பாண்டியின் நூலக அட்டையில் எடுத்த இரண்டு நாவல்கள் கையில் இருந்தன.

"பதினெட்டாந்தேதிக்குள்ள கொடுக்கணும்," என்று நீட்டினார்.

"மாப்ள, உள்ள வா. சத்தியமா எனக்குத் தெரியாது. நான் சும்மா, கற்பனையில..."

"தெரியும்."

புத்தகங்கள் கைமாறின. ஜனகராஜ் படியிறங்கிவிட்டு நின்றார்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஏதாவது சொல்லி அவரை நிறுத்திவிட வேண்டும் என்று தங்கப்பாண்டி வாயைத் திறந்தார்.

"யாரு வந்தா? ஜனகராஜ் அண்ணனா?" என்று உள்ளேயிருந்து கனகலட்சுமி கேட்டாள். "காபி போடுறேன், உக்காரச் சொல்லுங்க."

தெருக்கோடி மருந்துக்கடை நிழலில் ஜனகராஜ் நின்றுகொண்டிருந்தார். இடது பக்கம் திரும்பினால் அவர் வீடு. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு போகவேண்டிய இடம் எதுவும் இல்லாத வலது பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.