ஒன்று புள்ளி ஒன்று எட்டு

அந்த சிவில் இன்ஜினியரிங் துறையில் அவளுக்குப் பெயர் மேஸ்திரி. வகுப்பில் மற்ற பதினான்கு பேரும் இளங்கலை முடித்த கையோடு முதுகலையில் வந்து உட்கார்ந்தவர்கள். இவள் மட்டும் ஆறு வருஷம் கட்டட சைட்டில் வெயிலில் காய்ந்து, சென்ட்ரிங் ஆட்களோடு மல்லுக்கு நின்று, ஒரு பெண் குழந்தையையும் பெற்று அதைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் படிக்க வந்தவள். முதல் நாளே டாப்பர் என்று எல்லோரும் கூப்பிடும் பையன், "வாங்க மேஸ்திரி, உக்காருங்க" என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி என்றால் என்ன குறைச்சலாம்?

அவள் வேலை பார்த்த கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. முதுகலைப் பட்டத்தோடு வந்தால் டிசைன் பிரிவில் இடம். அடுத்தவன் போட்ட வரைபடத்தைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தவள், இனி தானே வரைபடம் போட்டுக் கையெழுத்து வைக்கலாம். இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் அந்த நாற்காலி காலியாக இருக்கும். அதற்குள் வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து, தேர்ச்சி என்று ஒரு காகிதம் கையில் வர வேண்டும். பாக்கி இருந்தது வைவா மட்டும்தான்.

வந்தது பாருங்கள் வினை, ஒரு எண்ணின் உருவத்தில்.

அவளுடைய ஆராய்ச்சி, சிமென்ட்டில் நூற்றுக்கு முப்பது பங்கு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து செய்த கான்கிரீட் பீம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது. பீமை வார்க்க வேண்டும், இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், ஆய்வகத்தில் இருக்கும் இரும்புச் சட்டத்துக்குள் வைத்து ஜாக்கால் அழுத்தி உடைக்க வேண்டும். ஜாக்குக்கும் பீமுக்கும் நடுவில் லோட் செல் என்று ஒரு உருளை. எத்தனை கிலோ பாரம் இறங்குகிறது என்று அதுதான் சொல்லும். அது சொல்வதை எழுதி, ஒன்று புள்ளி ஒன்று எட்டால் பெருக்கி, ரிப்போர்ட்டில் போட வேண்டும்.

"எதுக்கு ஒன்று புள்ளி ஒன்று எட்டு?" என்று அவள் கேட்டாள்.

டாப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அது கரெக்‌ஷன் ஃபேக்டர், மேஸ்திரி. எல்லாரும் போடுறதுதான்."

"அதான் எதுக்குன்னு கேக்குறேன்."

"சீனியர் ரிப்போர்ட்ல இருக்கு."

சீனியர் ரிப்போர்ட்டில் அதற்கு முந்தைய சீனியரைப் பார்க்கச் சொல்லியிருந்தது. அவருடையதில் அவருக்கு முந்தையவரை. நூலகத்தில் தூசி தட்டி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனாள். பன்னிரண்டு வருஷம் பின்னோக்கிப் போய் நின்றது, அவளுடைய கைடின் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டில். பழைய லோட் செல் கொஞ்சம் பழுதானது, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது, அதனால் பெருக்குகிறேன் என்று அதில் நேர்மையாக எழுதியிருந்தது. சரி, நியாயம்தான். ஆனால் ஆய்வகப் பொறுப்பாளரிடம் மெஷின் ஃபைலைக் கெஞ்சி வாங்கிப் புரட்டினால், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த லோட் செல்லைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதுசு வாங்கியிருக்கிறார்கள்! சான்றிதழோடு, அப்பழுக்கில்லாத புதுசு. மெஷின் மாறியது. பெருக்கல் மாறவில்லை. ஒன்பது செட் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கி, வைவாவில் தலையாட்டி, தொண்ணூறு தொண்ணூற்றைந்து என்று மார்க் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பெருக்கினால் சாம்பல் பீம், கட்டட விதிநூல் சொல்லும் பலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பெருக்காவிட்டால் நூற்றுக்குப் பதினைந்து குறைந்தது. சாம்பல் போடாத சாதா பீமை அங்கே யாரும் உடைத்துப் பார்த்ததே இல்லை; பார்த்திருந்தால் பெருக்கலின் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். விதிநூலோடு ஒப்பிட்டால் போதும் என்று கைடு சொல்லிவிட்டார், அதோடு சரி.

கைடுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுமூகம். வரைபடத்தில் எந்தப் புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றாலும், "கோடு சுமூகமா வரணும்மா" என்பார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மேஸ்திரி ஃபைலை அவர் மேஜையில் வைத்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. பெருக்கிட்டு ரிப்போர்ட்டை முடி. மார்க் பட்டியல்ல என்ன இருக்கு தெரியுமா? முன்னால வந்த முடிவுகளோட பொருந்துதல், இருபது மார்க். உன்னோடது எதோட பொருந்தும்?"

"பீமோட பொருந்தும் சார்."

அவர் அந்தப் பேச்சை ரசிக்கவில்லை. "என் பதினோரு கட்டுரை இதுமேல நிக்குது. நீ ரெண்டு வருஷம் படிச்சிட்டுப் போயிடுவ. நான் இங்கதான் இருக்கணும்" என்றார். அதட்டலாக ஆரம்பித்தது, முடியும்போது கெஞ்சல் மாதிரி ஆகிவிட்டது. மேஸ்திரிக்கு ஒரு கணம் மனசு இளகியது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் பதினோரு கட்டுரையை நம்பி எவனோ எங்கேயோ பால்கனி போடுவானே, அதில் நின்று எவளோ துணி உலர்த்துவாளே என்று நினைத்ததும் இளகினது திரும்ப இறுகிவிட்டது.

வீட்டில் புருஷன் அதற்கும் மேலே. அவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெருக்கித்தான் தொலையேன்" என்றான். "உனக்கு என்ன போச்சு? ஒரு பெருக்கல். அந்த நாற்காலியில போய் உக்காரு, அப்புறம் நேர்மையா இரு."

"ஏய், உன் லிஃப்ட்ல எட்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு போர்டு மாட்டுவல்ல? உன் மேனேஜர் வந்து ஒம்பதரைன்னு எழுதச் சொன்னா எழுதுவியா?"

"அது வேற."

"என்ன வேற?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "நாங்க புது லிஃப்ட்டை எந்த மீட்டரையும் நம்பிச் சோதிக்க மாட்டோம். எடை தெரிஞ்ச இரும்புக்கட்டியை உள்ள அடுக்கிடுவோம். கட்டி பொய் சொல்லாது" என்றான். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டான். தன் வாயாலேயே அவளுக்கு வழி காட்டிவிட்டானே!

மறுநாள் மேஸ்திரி லோட் செல்லைச் சட்டத்திலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள். மேலே ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு, எண்ணைப் பூஜ்யமாக்கினாள். சோதனைக்கு வார்த்து ஆய்வக மூலையில் குவிந்து கிடந்த கான்கிரீட் கியூப்களில் நாற்பதை எடுத்து, ஒவ்வொன்றாக எடை மேடையில் நிறுத்தி, தகட்டின்மேல் அடுக்கினாள். மொத்தம் முந்நூற்று இருபத்து நான்கு கிலோ. லோட் செல் முந்நூற்று இருபத்து நான்கு என்றது. பெருக்கினால் முந்நூற்று எண்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு முழு ஆள் எடை, காற்றிலிருந்தா குதித்தது? ஆய்வகப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எதையும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். பெருக்காத எண்களோடு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது.

வைவா அன்று காலை, நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவி அம்மாள், எப்போது முடியும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு. ஒரு பக்கம் சுமூகம். இன்னொரு பக்கம் வெளித்தேர்வாளர், வேறு கல்லூரியிலிருந்து வந்த கனத்த சரீரம், நல்ல சிரிப்பு.

மேஸ்திரி பத்து நிமிஷம் பேசினாள். பெருக்கலின் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். வெளித்தேர்வாளர் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கியூப்களை எடை போட்டாளே, அந்த எடை மேடையே தப்பா இருக்கலாம்" என்றார் சுமூகம், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப கீழே வாங்க சார். எடை மேடை வேண்டாம். உங்க எடை உங்களுக்குத் தெரியும்ல?"

"என்னம்மா மரியாதை இல்லாம!" என்றார் துறைத்தலைவி. ஆனால் வெளித்தேர்வாளர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். மனிதருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. நாலு பேருமாக ஆய்வகத்துக்கு இறங்கினார்கள். மேஸ்திரி லோட் செல்லை மறுபடி தரையில் வைத்துத் தகட்டைப் போட்டாள். வெளித்தேர்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தகட்டின்மேல் ஏறி, கையை எடுத்தார். தொண்ணூற்று நான்கு என்றது எண்.

"சரிதான்" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "முந்தாநாள்தான் டாக்டர் இதே எண்ணைச் சொல்லித் திட்டினார்."

"இந்த ஆய்வகக் கணக்குப்படி நீங்க நூத்திப் பதினொரு கிலோ சார்."

"அடப்பாவமே!" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார் அவர். துறைத்தலைவிகூட வாயைப் பொத்திக்கொண்டார். சுமூகம் மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மனிதர் இறங்கியபின் பூஜ்யம் என்று காட்டியதே, அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. மேலே வந்து உட்கார்ந்ததும் துறைத்தலைவி பூசி மெழுக ஆரம்பித்தார். "யாருக்கும் சங்கடம் வேண்டாம். முக்கிய அத்தியாயத்துல வழக்கம்போலப் பெருக்கின எண். உன் எண்ணைக் கடைசியில பின்னிணைப்பாப் போட்டுடு. எண்பது மார்க் தர்றோம். இன்னிக்கே சான்றிதழ்."

இன்னிக்கே. அந்தச் சொல் மேஸ்திரியின் நெஞ்சில் போய் இடித்தது. டிசைன் பிரிவின் ஜன்னலோர நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. ஒரு தலையாட்டல் போதும். மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை அவளுக்கே தெரியாது என்ன சொல்லப்போகிறோம் என்று.

"முன்னால பொய்யை உக்கார வெச்சிட்டு உண்மையைக் கொல்லைப்புறத்துல நிறுத்தச் சொல்றீங்களா மேடம்? முடியாது."

"அப்ப நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார் சுமூகம். "ஃபெயில். மூணு கையெழுத்தும் இருந்தாத்தான் தேர்ச்சி."

"சரி சார்." சைட்டில் ஆறு வருஷம் இருந்தவள் எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். மதிப்பெண் படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். "ஃபெயில்னா பின்பக்கம் ஒரு கட்டம் இருக்கு. கைடு தன் கைப்பட காரணம் எழுதணும். விதி. எழுதுங்க."

"இதுவரைக்கும் யாரும் அதை எழுதினதில்லை."

"இதுவரைக்கும் யாரும் ஃபெயிலும் ஆனதில்லையே சார். 'மாணவி சரியாக அளந்தார், அதனால் தோல்வி'ன்னு எழுதுங்க. இல்ல உங்களுக்கு எது உண்மைன்னு படுதோ அதை எழுதுங்க. எழுதிக் குடுத்தா நான் எடுத்துக்கிட்டுப் போறேன். வேலை போனாப் போகட்டும். அந்தக் காகிதத்தை ஃப்ரேம் போட்டு வீட்டுல மாட்டிக்கிறேன்."

சுமூகம் பேனாவின் மூடியைத் திறந்தார். அந்தக் கட்டத்தின்மேல் பேனாவைக் கொண்டுபோனார். எடுத்தார். மறுபடி கொண்டுபோனார். வெளித்தேர்வாளர், "எழுதுங்க சார், எனக்கும் படிக்கணும்" என்றார், கேலி இல்லாமல். எத்தனையோ கட்டுரை எழுதிய கைக்கு அந்த ஒரு வரி வரவில்லை. மேஸ்திரிக்கு அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் படிவத்தை அவள் திரும்ப இழுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அவர் படிவத்தைத் திருப்பினார். முன்பக்கத்தில் அழுத்தி ஐம்பது என்று எழுதினார். தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் எதுவோ அது. ஒரு மார்க் கூடுதலாக இல்லை. கையெழுத்துப் போட்டார். "இதுக்கு மேல என்னால முடியாது" என்றார். அது மார்க்கைப் பற்றித்தானா என்று யாருக்கும் தெரியவில்லை. வெளித்தேர்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேஸ்திரி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டாள். மற்ற இரண்டு கையெழுத்தும் விழுந்தது.

வெளியே படிக்கட்டில் வகுப்பே உட்கார்ந்திருந்தது. பாதிப் பேருக்கு வைவா முடிந்து தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று வாங்கியிருந்தார்கள். பாதிப் பேருக்கு இனிமேல்தான். ஆய்வகத்தில் நடந்தது ஜன்னல் வழியாக ஏற்கெனவே அவர்கள் காதுக்கு வந்துவிட்டது.

"எவ்வளவு மேஸ்திரி?" என்றான் டாப்பர்.

"அம்பது."

"அய்யய்யோ! அம்பதா? இவ்வளவு ஆட்டம் ஆடி அம்பதா?"

"ஆமா. பெருக்காத அம்பது" என்றாள் மேஸ்திரி. "உன் தொண்ணூத்திரண்டை நீ ஒன்று புள்ளி ஒன்று எட்டால வகுத்துப் பாரு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டார்கள். டாப்பர் சிரிக்கவில்லை. அவனுக்கு அடுத்த படியில், நாளைக்கு வைவா இருக்கிற பெண், மடியில் இருந்த பைண்டு செய்த ரிப்போர்ட்டை மெல்லத் திறந்தாள்.